கழிமுகம் திறந்த பகல்

இதனை எழுதி வைக்க வேண்டிய கட்டாயம் அண்மையில்தான் ஏற்பட்டது. உறவினர் இல்லத் திருமணப் பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் இளைஞர், என் மனைவியை ஒருமுறை கடல் அடித்துச் சென்றதாகவும், மீனவர் வலைவீசி அவளை மீட்டதாகவும் பக்கத்து இலைக்காரரிடம் சுவைபடச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்நாளில் அவர் பிறந்திருக்கவே இல்லை. என் மனைவியைக் கடல் அடித்துச் செல்லவில்லை. அன்று அவள் முழங்கால்கூட நனையவில்லை. நடந்தது வேறு. சொல்லப்போனால் மிக எளிய நிகழ்ச்சி. ஆயினும் அந்த ஒரு பகலுக்குள் நான் அடைந்த திடுக்கத்தை அதற்கு முன்னும் பின்னும் அடைந்ததில்லை. இல்லாத கதை உறவினரிடையே நிலைபெறுமுன், உடனிருந்தவன் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று கருதி எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஆவடியில் தொழிற்சாலைப் பணியாளருக்கான குடியிருப்பில் வாழ்ந்துவந்தோம். நான் அங்கிருந்த பள்ளியில் தமிழாசிரியன். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்தாரும் அக்குடியிருப்பில் அடுத்தடுத்த வீட்டினராக இருந்தனர். ஆலைச்சங்கு ஒலித்தால் எழுவோம். மீண்டும் ஒலித்தால் உண்போம். கடலோ காடோ எங்கள் நினைவில் இல்லை. நீர்நிலை என்றால் பருத்திப்பட்டு ஏரிதான்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கடைசல் பிரிவில் பணியாற்றினார். அவருடைய சொந்த ஊர் பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால், ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் உள்ள ஒரு சிறு மீனவக் குப்பம். ஆண்டுதோறும் ஏரி கடலோடு கலக்கும் கழிமுகம் மணலால் தூர்ந்துவிடும் என்றும், தூர்ந்தால் ஊரே கூடி அதனை வெட்டித் திறக்கும் என்றும் அவர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்தாக வேண்டும். வராத வீட்டுக்கு ஏரியில் வலைகட்டும் முறை அவ்வாண்டு கிடையாது. அம்முறையை அவர்கள் பாடு என்பர். இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலைகட்டலாம் என்று ஊர் வகுத்த ஒழுங்கு அது. அவருடைய அண்ணன் காலில் புண்ணாகிப் படுத்திருந்தமையால், அவ்வாண்டு அவ்வீட்டின் பாட்டைக் காக்கும் பொறுப்பு இவர்மேல் விழுந்தது. விடுப்புப் பெற்றுப் புறப்பட்டவர், "நீங்களும் வாங்க சார், வூட்டுல எல்லாத்தையும் இட்டுகினு வாங்க. பறவைங்கள பாத்தா அசந்துடுவீங்க" என்றழைத்தார்.

அழைப்பு எதிர்வீட்டுக்கும் சென்றது. எதிர்வீட்டார் திருநெல்வேலிக்காரர், தொழிற்சாலையில் மேற்பார்வைப் பொறுப்பில் இருந்தார். அனைவரும் அவரைப் போர்மேன் என்றே அழைத்தமையால் நானும் இங்கு அவ்வாறே குறிக்கிறேன். ஆக, மூன்று இணையரும், பால்மறவாத எங்கள் ஆண்குழந்தையும் புறப்பட்டோம். பொன்னேரி வரை தொடர்வண்டி, பின்னர்ப் பேருந்து, அதன்பின் படகு.

படகிலேயே முதல் திடுக்கம் காத்திருந்தது. பங்குனி வெயிலில் ஏரி வற்றிச் சுருங்கிக் கிடந்தது. துடுப்புப் பட்ட இடமெல்லாம் வெள்ளை வயிறு தெரிய மீன்கள் மிதந்தன. நாற்றம் தாளாமல் என் மனைவி குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள்.

"இன்னா சார் செய்யிறது, தையிலேந்து மொகத்துவாரம் மூடிகினு கீது. தண்ணி கொதிக்குது, உப்பு ஏறிப்போச்சு. நாளிக்கு பௌர்ணமி அலை. அத்த வுட்டா அமாவாசைக்குத்தான். அதுவரைக்கும் ஏரியில ஒரு மீனு தங்காது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் குடியிருப்பில் எவரிடமும் அதிர்ந்து பேசாத அவர், தண்ணீரில் எட்டி ஒரு செத்த மீனை எடுத்துப் பார்த்து, வாய்விட்டு வைதார்.

அன்று மாலை கடலோரம் நடந்தோம். அடும்பங்கொடி படர்ந்த மணல்மேடு. அதற்கப்பால் ஆளரவமற்ற கரை. கரைநெடுகப் பேராமைகள் இறந்து கிடந்தன. சிலவற்றின் கண்களைக் காக்கை கொத்தியிருந்தது. சிலவற்றைச் சுற்றி நரியின் அடித்தடங்கள். போர்மேனின் மனைவி "ஆத்தாடி!" என்று கூவி அப்படியே நின்றுவிட்டார். அவை பங்குனியாமைகள் என்றும், முட்டையிடக் கரைநாடி வருகையில் வலையிற் சிக்கி மூச்சுமுட்டி இறப்பவை என்றும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கு அது பழகிய காட்சி. எனக்கோ அன்றிரவு சோறு இறங்கவில்லை.

மறுநாட் காலையில்தான் பூநாரைகளைக் கண்டோம். தூர்ந்த கழிமுகத்துக்கு வடக்கே, நீர் வற்றிய சேற்றுப் பரப்பில், இளஞ்சிவப்பு மண்ணாலான ஒரு நீண்ட கரை தெரிந்தது. கரையென்றே எண்ணினேன். அக்கரை சற்றே அசைந்தது. அதன் ஒரு முனை எழுந்து பறந்து மறுமுனையில் இறங்கியது. என் மனைவி என் கையைப் பற்றிக்கொண்டாள். "கிட்டப் போய்ப் பாக்கணுங்க" என்றாள்.

கழிமுகம் இருந்த இடத்தில் அப்போது வெறும் மணல். அதன் நடுவே ஏரிப்பக்கமிருந்து ஊரார் சில நாளாக வெட்டிவந்த வாய்க்கால் ஒன்று இருந்தது. கடலோரத்தில் மட்டும் மதில்போல் மணலை விட்டுவைத்திருந்தனர். அம்மதில்மேல் நடந்து வடகரைக்குப் போகலாம். மண்வெட்டிகளோடு ஆண்கள் குழுமத் தொடங்கியிருந்தனர். போர்மேன் வாய்க்காலுள் இறங்கி, தம் உயரத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்தார். அகலத்தைக் காலடியால் அளந்தார். பிறகு மேலேறி வந்து தீர்ப்புரைத்தார்.

"இன்னும் இடுப்பளவு ஆழங்கூட இல்லை, பாத்துக்கிடுங்க. இவ்வளவு மண்ணையும் மம்பட்டியால அள்ளணும்னா எப்படியும் ரெண்டு ஷிப்டு ஆவும். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சா பெரிசு. தங்கச்சி, நீங்க தைரியமாப் போயிட்டு வாங்கம்மா."

எத்தனையோ பொறிகளைக் கழற்றிப் பூட்டியவர். எந்த வேலை எத்தனை நேரம் பிடிக்கும் என்று அவர் சொன்னால் எங்கள் குடியிருப்பில் மறுபேச்சில்லை. சொந்த ஊராரான பக்கத்து வீட்டுக்காரரோ அப்போது வெட்டுவோர் கூட்டத்தில் கலந்துவிட்டார். அவருடைய மனைவி ஆவடியை அடுத்த பட்டாபிராமில் பிறந்தவர். அவருக்கும் விவரம் தெரியாது.

நாங்கள் தங்கியிருந்த பக்கத்து வீட்டுக்காரரின் அண்ணன் வீட்டில், அண்ணன் படுக்கையருகே, தூளியில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தான். "இப்பத்தான் குடிச்சான். முழிச்சா ஆட்டிவிடுங்க, அதுக்குள்ள வந்துடுவேன்" என்று என் மனைவி சொன்னாள். மூன்று பெண்களும் மணல்மதிலைக் கடந்து வடக்கே சென்றனர். அவர்கள் புள்ளிகளாகச் சிறுக்கும்வரை பார்த்துவிட்டு, நானும் போர்மேனும் வெட்டுமிடத்திற்கு வந்தோம்.

அங்கே வேலையைவிடக் கேலியே மிகுந்திருந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரரை ஊரார் விட்டுவைக்கவில்லை.

"இன்னா மாமே, பேனாவ புடிக்கற மாதிரி மம்புட்டிய புடிச்சிகினு கீற?"

"டேய், நான் பேனாவா புடிக்கிறேன்? இரும்ப கடையிறேன்டா!"

"இரும்ப கடைஞ்சா மோரு வருமா, வெண்ண வருமா, அண்ணாத்தே?"

சிரிப்பு ஓய்வதற்குள் ஊர்த்தலைவர் கைதூக்கினார். முதியவர், இடையில் நான்குமுழத் துண்டு மட்டும் அணிந்திருந்தார். கடலைப் பார்த்துக்கொண்டே நின்றார். மணலிற் கற்பூரம் ஏற்றினர், தேங்காய் உடைத்தனர். பின்னர் நான் எதிர்பாராதது நடந்தது. அத்தனை பேரும் வாய்க்காலைவிட்டு மேலேறினர். நால்வர் மட்டும் மணல்மதிலின் நடுவே, ஒரு சாண் அகலத்தில், சிறுவர் விளையாட்டுக்கு வெட்டுவதுபோல் ஒரு கோடு கீறினர். அவ்வளவே. மண்வெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களும் ஓடிவந்துவிட்டனர்.

"என்ன, நிறுத்திட்டாங்க?" என்றார் போர்மேன்.

பௌர்ணமி அலை ஒன்று உயர்ந்து வந்தது. அதன் நாக்கு அக்கோட்டில் நுழைந்து வழிந்தது. அடுத்த அலை கோட்டை முழம் ஆக்கியது. அதற்கடுத்தது வந்தபோது மதில் என்று ஒன்று இல்லை. இருபுறமும் மணல் சுவர் சுவராக இடிந்து விழ, பழுப்பு நீர் முழங்கிக்கொண்டு ஏரிக்குட் பாய்ந்தது. போர்மேன் கணக்கிட்ட மண்ணையெல்லாம் கடல் தானே அள்ளியது. நாங்கள் நின்ற இடத்தைவிட்டுப் பின்வாங்கினோம். பின்வாங்கிய இடமும் பிளந்தது. சிற்றாறு பேராறாயிற்று. ஊர்ப்பெண்கள் குலவையிட்டனர். ஆண்கள் ஒருவரையொருவர் தூக்கிச் சுழற்றினர். அவ்வோசையில் வடக்கே இருந்த பூநாரைக் கூட்டம் முழுவதும் ஒருசேர எழுந்தது. கருமையும் செம்மையுமான சிறகுகள் வானத்தின் ஒரு பக்கத்தையே மறைத்தன. நான் வாய்பிளந்து பார்த்தேன்.

அச்சிறகுகளுக்குக் கீழே மூன்று பெண்கள் எங்களை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தனர். என் மனைவி கையை உயர்த்தி ஆட்டினாள். மகிழ்ச்சியால் ஆட்டுகிறாள் என்று நானும் ஆட்டினேன். அவள் அக்கரை விளிம்பில் வந்து நின்று, இரு கைகளையும் மார்பருகே குவித்து, குழந்தையைத் தாலாட்டுவதுபோல் அசைத்துக் காட்டினாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்களிடையே கடல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கூவியது ஒரு சொல்லும் கேட்கவில்லை.

ஊர்த்தலைவரிடம் ஓடினேன். "ஐயா, என் மனைவி அந்தக் கரையில் நிற்கிறாள்!"

"பாத்தேன் சாரு" என்றார் அவர், அமைதியாக.

"பார்த்தீர்களா? பார்த்துமா வெட்டினீர்கள்?"

"அலை ஏறி நின்னுச்சு. அது நமக்காவ நிக்குமா? அந்தாண்ட மணலு ஒசரம், ஒண்ணியும் ஆவாது. உள்பக்கமா சுத்திகினு படகு போவும். இப்ப எறக்குனா அடிச்சிகினு பூடும். அலை எறங்கட்டும், அனுப்புறேன். பொழுது சாயறதுக்குள்ள வந்துருவாங்கோ."

பொழுது சாய்வதற்குள்! பக்கத்து வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்தேன். அவர் இடிகரையைச் சீர்செய்துகொண்டிருந்தார். "என் பொஞ்சாதியும் அந்தாண்டதான் சார் கீது" என்றார் என்னை நிமிர்ந்து பார்க்காமல். அருகிலிருந்தவன் ஒருவன், "ஒரு நாளைக்கு நிம்மதியா சோறு துண்ணு மாமே!" என்று அவர் முதுகில் தட்டினான். எல்லாரும் சிரித்தனர். போர்மேன் மட்டும் சிரிக்கவில்லை. நீரையே நோக்கி நின்றார்.

வீட்டை அடையுமுன்பே குழந்தையின் அழுகை கேட்டது.

அவன் அதுவரை தாய்ப்பாலன்றி வேறொன்றும் அருந்தியவனல்லன். புட்டியைக் காட்டினாலே முகந்திருப்புவான். ஆகவே புட்டியும் கொண்டுவரவில்லை. சர்க்கரை கரைத்த நீரைத் துணித்திரியில் தோய்த்து வைத்தேன்; துப்பினான். காலில் கட்டோடு கிடந்த அண்ணன் சொல்லி யாரோ ஆட்டுப்பால் கொணர்ந்தனர். பாலாடைச் சங்கில் ஊற்றிப் புகட்டினேன், புரையேறிக் கக்கினான். தோளில் போட்டு நடந்தேன். தூளியில் இட்டு ஆட்டினேன். நண்பகல் ஆயிற்று. அழுகை வீறிடலாகி, வீறிடல் கம்மி, இறுதியில் வாய் திறந்திருக்க ஓசையே வராத நிலை வந்தது. உச்சிக்குழி குழிந்ததுபோல் தோன்றியது. ஏரி நெடுக மிதந்த வெள்ளை வயிறுகள் என் கண்முன் வந்துவந்து போயின.

அப்போது அண்ணனின் மனைவி உள்ளே வந்தார். புதுநீரோடு ஏறிய இறாலை அரித்துவிட்டு, ஈரப்புடவையோடு வந்தவர். அவருக்கும் சில மாதப் பெண்குழந்தை ஒன்று உண்டு. வாசலில் நின்றபடியே என்னையும் குழந்தையையும் பார்த்தார். கூடையை வைத்தார். கையைப் புடவையில் துடைத்தார். நேரே வந்து என் தோளிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. சுவரோரம் சம்மணமிட்டு அமர்ந்து, அவனை மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"அம்மா..." என்று ஏதோ தொடங்கினேன்.

"இன்னா சாரு, பாத்துகினு நிக்கிற? வெளிய போ" என்றார் அவர்.

வெளியேறினேன். எனக்கு நேர்ந்ததை எப்படி உரைப்பது? அச்சம் தீர்ந்த ஆறுதல் உடனே வரவில்லை. நாங்கள் வளர்ந்த வீடுகளில், அயலார் வீட்டுத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கவே மூன்று பேரைக் கேட்பார்கள். இங்கே, முன்தினம்வரை நான் முகமறியாத ஒரு பெண், இறால் நாற்றம் மாறாத கையோடு, என் பிள்ளைக்குப் பாலூட்டுகிறார். தந்தையாகிய என் இசைவை அவர் ஒரு பொருட்டாகவும் கொள்ளவில்லை. கடல் மணல்மதிலை விழுங்கியபோது எப்படி நின்றேனோ அப்படியே நின்றேன். உள்ளிருந்து முதலில் திணறலும், பின்னர் விழுங்கும் ஒலியும், பின்னர் ஒன்றுமில்லாமையும் வந்தன.

போர்மேன் வேலியோரம் நின்றிருந்தார். "என்ன சார், புள்ளைச் சத்தத்தைக் காணோம்?" என்று பதறினார். சொன்னேன். அவர் தலையிற் கைவைத்து மணலிலேயே அமர்ந்துவிட்டார். "நான் பாட்டுக்கு ரெண்டு ஷிப்டுன்னு சொல்லித் தொலைச்சிட்டேனே" என்றார். நெடுநேரம் எழவில்லை.

அலை இறங்கியபின் படகு சென்றது. சுற்றுவழி, சேற்றில் பல இடங்களில் இறங்கித் தள்ளவேண்டியிருந்ததாம். பொழுது மேற்கே சரிந்த வேளையில்தான் திரும்பியது. அக்கரையில் அவர்கள் வாடிவிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மனைவி பனையடியில் மணலைத் தோண்டி ஊற்றுநீர் கண்டிருக்கிறார். போர்மேன் மனைவியின் மடியில் முறுக்கும் இருந்திருக்கிறது. என் மனைவி மட்டும் எதையும் தொடவில்லை என்றனர்.

அவள் படகு நிற்குமுன் இறங்கிச் சேற்றில் ஓடிவந்தாள். முந்தானையை மார்போடு அழுத்திப் பிடித்திருந்தாள்; அது நனைந்திருந்தது. முகம் காய்ச்சல் கண்டதுபோல் சிவந்திருந்தது. நான் வாயெடுக்குமுன் என்னைக் கடந்து உள்ளே சென்றாள். தூளியை விலக்கிப் பார்த்தாள். குழந்தை உறங்கிக்கொண்டிருந்தான். கன்னத்தில் பால் காய்ந்திருந்தது. அவள் அதை விரலால் தொட்டாள், முகர்ந்து பார்த்தாள். பிறகு அவனை எடுத்து எழுப்ப முயன்றாள். கன்னத்தைத் தட்டினாள், உள்ளங்காலைச் சுண்டினாள். அவன் முகஞ்சுளித்து மறுபுறம் திரும்பினான். அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

என் மனைவி அவனைக் கிடத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அதுவரை அழாதவள் அப்போது அழுதாள். மகிழ்ச்சியாலா, வலியாலா, தனக்குமுன் வேறொருத்தி ஊட்டிவிட்டாள் என்பதாலா, நான் அறியேன்.

அடுப்பருகே அண்ணன் மனைவி தம் பெண்ணை மடியிலிட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். அப்பெண் விடாது சிணுங்கினாள். பிறகு கத்தத் தொடங்கினாள். அவர் சற்றுநேரம் பார்த்தார். எழுந்தார். என் மனைவிக்கு எதிரே வந்து குழந்தையை நீட்டினார்.

"இந்தா. மத்தியானமும் உம்புள்ள, அப்பாலயும் உம்புள்ள. அத்தினியும் உறிஞ்சிட்டான். இதுக்கு இன்னா கீது எங்கிட்ட? உனக்குக் கட்டிகினு வலிக்குது இல்ல? புடி."

வேண்டுதல் இல்லை அக்குரலில். நன்றியை எதிர்பார்க்கும் சாயலும் இல்லை. முறைக்கு வரவேண்டியதைக் கேட்கும் குரல். நான் வாயிலில் நின்றிருந்தேன். அன்று கண்ட எல்லாவற்றையும்விட என்னைத் தாக்கியது அதுவே. என் மனைவி ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் என்ன சொல்வேன் என்று அறியப் பார்த்த பார்வையன்று அது. அடுத்த நொடி இரு கைகளையும் நீட்டினாள்.

இம்முறை எவரும் சொல்லாமலேயே வெளியே வந்தேன். திறந்த கழிமுகத்தில் நீர் கடலை நோக்கித் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கத்தல் நின்றது. பின்னர் இரு பெண்களும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டனர். யாரோ ஒருவர் சிரித்தார்.

மறுநாள் திரும்பினோம். தொடர்வண்டி பொன்னேரியை விட்டு நகர்ந்தபின், மடியில் விழித்துக் கிடந்த எங்கள் குழந்தையைப் பார்த்தவாறே என் மனைவி சொன்னாள்: "அது இவனைவிட வேகமாக் குடிச்சுதுங்க. மூச்சுகூட விடல." அவ்வளவுதான். எங்கள் வீட்டில் வேறெவரிடமும் அவள் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை.

நான் கடலறிந்தவனல்லன். அலை ஏறி இறங்கும் பொழுதையும், கழிமுகம் வெட்டும் முறையையும், பறவையின் பெயரையும் எங்கேனும் பிறழ எழுதியிருப்பின் அக்கரையோரத்தார் திருத்தியருள வேண்டும். அவ்வீட்டின் உள்ளே நடந்ததில் பாதியை வெளியில் நின்று செவியால் மட்டுமே அறிந்தேன். ஆகவே, அன்று என் மனைவி மடியில் பாலருந்திய பெண்ணோ, அவரைப் பெற்றவரோ இதனைப் படிக்க நேர்ந்து, நடந்தது இவ்வாறன்று என்று சொன்னால், அவர்கள் சொல்வதையே மெய்யெனக் கொண்டு என் எழுத்தைத் திருத்திக்கொள்ளுமாறு படிப்போரை வேண்டுகிறேன்.